அஞ்சோடு நின்ற எண்ணிக்கை

போன வருஷம் ஐப்பசி மாசம். கொடைக்கானலில் மழை பிடித்தால் விடாது என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த வருஷம் துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, ஈரத் துணிக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தோம். அப்படி ஒரு மழை நாளில், அட்டுவம்பட்டிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு தகரக்கூரை வீட்டில்தான் இது நடந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. மத்தியானத்துக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பேன். இந்த ஊரில் வீடு தேடிப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரோடு மேலே இருக்கும், வீடு பள்ளத்தில் இருக்கும். நடுவே பாசி பிடித்த படிகள். ஒரு கையில் குடை, ஒரு கையில் மருத்துவப் பை, தோளில் இன்னொரு பை. அதோடு இறங்கி, அதோடு ஏறி, அடுத்த வீடு.

"ஊருக்கெல்லாம் பயிற்சி சொல்லித் தர்றீங்களே, நீங்க என்ன செய்றீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று வரும். நாள் முழுக்க நின்று, குனிந்து, தூக்கி, தாங்கிப் பிடிக்கிறேனே, இதைவிட என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது? எங்கள் தொழிலில் பலரும் சொல்லும் பதில் இதுதான். கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் இதையேதான் சொல்லுவாள். நோயாளிகளிடம் "இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க" என்று பகலெல்லாம் தொண்டை வறளக் கத்திவிட்டு, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இடுப்பில் இன்னொருத்தி வலிக்கு டேப் ஒட்டிவிடுவோம். எனக்குச் சொந்த ஊர் பழனி. சின்ன வயசில் மலைப்படியை ஓடியே ஏறினவள். இப்போது ஊருக்குப் போனால் மலைக்கு ஏற்றிவிடும் விஞ்ச் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். கேட்டால், "லீவு நாள்லகூட எக்சர்சைஸா?" என்பேன்.

அந்தத் தகரக்கூரை வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் பஜ்ஜியும் அவித்த மக்காச்சோளமும் விற்றவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பத்துப் பெண். ஜீப் ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு கொடைக்கு வந்தவர்; அந்த வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அம்மா அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்லுவார். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், அவ்வளவுதான். ஒரு நாள் பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது. வாயின் காரம் மட்டும் துளிகூடக் குறையவில்லை.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, சித்திரவதை ஆரம்பம்" என்றுதான் என்னை வரவேற்பார். டாக்டரம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை.

போனதும் முதல் சண்டை சாக்ஸுக்காக நடக்கும். அந்தக் குளிரில் கம்பளி சாக்ஸைக் கழற்றுங்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் விரல் அசைகிறதா என்று நான் பார்த்தாக வேண்டும். "வெரலு எங்கயும் ஓடிப் போகலை, உள்ளதான் கெடக்கு" என்று முனகிக்கொண்டே காலை நீட்டுவார். மல்லாந்து படுத்திருப்பவருக்குத் தன் கால்விரல் தெரியாது. அப்படித்தான் அவருடைய வலது பெருவிரல் முதன்முதலாக அசைந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அக்கா மட்டும், "நெசமாவா? என்னைய சமாதானப்படுத்தப் பொய் சொல்றீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதற்கப்புறம் உட்கார வைத்தேன். பிறகு எழுந்து நிற்கப் பழக்கினேன். கட்டில் விளிம்புக்கு வந்து, பாதத்தை நன்றாக ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். பின்னால் சாய்ந்தபடி எழப் பார்த்தால் திரும்பக் கட்டிலிலேயே விழுவார்கள். இதை நான் சுருக்கமாக, "மூக்கு முன்னாடி, குதிகால் தரையில!" என்று சொல்லுவேன். ஒரு பக்கம் நானும் மறு பக்கம் அண்ணனும் பிடித்துக்கொள்வோம். அக்கா பாதி எழுந்ததும் பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். தனியாக ஒரு தடவைகூட நின்றதில்லை.

இதற்கிடையே எனக்கு இடது காலில் மரமரவென்று ஒரு மரமரப்பு இருந்துகொண்டே இருந்தது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், முதலில் போய் டாக்டரைப் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். எனக்கு நானே ஒரு மாத்திரையைப் போட்டு, இடுப்பில் டேப்பை இறுக்கி ஒட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

அன்றைக்கு மழையில் கரண்ட் இல்லை. அண்ணன் டூரிஸ்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார், வர நேரமாகும் என்றார் அக்கா.

"அண்ணன் வரட்டுமே, டாக்டரம்மா. அதுவரைக்கும் கைப் பயிற்சி செய்யிறேன்."

"இல்லக்கா, வெரசா முடிச்சிட்டுக் கெளம்புறேன். இன்னும் ரெண்டு வீடு கெடக்கு" என்று சொன்னேன்.

கட்டிலோ தாழ்ந்த கட்டில், என் முட்டிக்கும் கீழே. அக்காவின் வலது முட்டி மடங்கிவிடாமல் என் முட்டியால் அணை கொடுத்து, இரண்டு கையாலும் அவரைப் பிடித்து, "மூக்கு முன்னாடி" என்று தூக்கினேன். பாதி வரை வந்தார். அப்போது என் இடுப்பில் ஏதோ சொடக்கென்றது. இடது பக்கம் முழுக்க, தொடையிலிருந்து பாதம் வரைக்கும், கொதிக்கிற எண்ணெயை ஊற்றின மாதிரி ஒரு வலி. கத்தக்கூட மூச்சு வரவில்லை. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அக்காவின் மொத்த பாரமும் என் கையில். கீழே சிமெண்டுத் தரை. விட்டேன் என்றால் அவர் அந்த வலது பக்கத்தோடு அப்படியே விழுவார், இடுப்பெலும்பு போய்விடும். என் மனசில் ஓடியது அது ஒன்றுதான்.

என் முகத்தைப் பார்த்து அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டரம்மா, கைய விடுங்க."

"விட்டா விழுந்துருவீங்கக்கா!"

"பிடிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு பேரும் விழுவோம். விடுங்கன்னா விடுங்க!"

அவராகவே இடது கையை என் கழுத்திலிருந்து எடுத்து, கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "மூக்கு முன்னாடி... குதிகால் தரையில..." என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. என் கையிலிருந்த பாரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அக்கா நின்றுவிட்டார். உடம்பெல்லாம் ஆடுகிறது, தாடை ஆடுகிறது, ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் இரண்டு காலிலும் நிற்கிறார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரையில் படுத்தேன். இத்தனை மாசமாக எந்த நிமிஷத்துக்காகப் பாடுபட்டோமோ அது நடக்கிறது, நான் அவர் காலடியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அப்புறம் அவரே பின்பக்கமாகக் காலால் கட்டிலைத் தொட்டுப் பார்த்து, பொத்தென்று விழாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே நிதானமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாசலைப் பார்த்துப் போட்டார் ஒரு சத்தம்: "ஏலே! யாருலே அங்க? வாங்கலே வெரசா!"

பக்கத்து வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் மகனும் மச்சானும் மழையோடு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் மச்சான் என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"தொடாத! இடுப்பைப் பிடிச்சா டாக்டரம்மா செத்துருவாங்க. போர்வைய எடு. அன்னிக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குறப்ப எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க? மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. ஆஸ்பத்திரி செக்கப்புக்கு அக்காவைப் படி ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோவதற்காக, இதே ஆட்களை வைத்து, போர்வையை அடியில் செருகி நாலு மூலையைச் சுருட்டிப் பிடித்துத் தூக்குவது எப்படி என்று நான்தான் பழக்கியிருந்தேன். இப்போது அந்தப் போர்வையில் நான். அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைப்பக்கம் முன்னால, சேர்ந்து தூக்குங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த வலியிலும் எனக்கு ஒரு வாத்தியாரம்மா திருப்தி வந்தது, என்ன சொல்ல! பாசிப் படியில் ஒருத்தர் காலும் வழுக்கவில்லை. மேலே ரோட்டில் காரட் ஏற்றி வந்த வண்டி ஒன்றை மறித்து, மூட்டைகளை ஒதுக்கி, ஈரமண் வாசனைக்கு நடுவே என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவர்களில் யாரும் என்னிடமிருந்து இன்று வரைக்கும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

மதுரைக்கு இறங்கி ஸ்கேன் எடுத்தோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் போட்ட சத்தத்துக்கு, ஓட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரருக்கே வியர்த்துவிட்டது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இடது கால் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். எத்தனையோ பேருக்கு நானே செய்து பார்க்கும் சோதனை. மற்ற விரல்கள் எழுந்தன. பெருவிரல் எழவில்லை. எழச் சொல்லி நான் மனசுக்குள் கெஞ்சினேன், அது யாருடைய விரலோ போலக் கிடந்தது.

சில வாரம் பார்க்கலாம், பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள், விரலுக்குப் பலம் திரும்பவில்லை என்றாலோ பாதமும் பலம் இழந்தாலோ ஆபரேஷன்தான் என்றார். அதற்கப்புறமும் பலம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாதம் தொங்கிப்போனால் இந்த மலையில் நான் எந்தப் படியில் இறங்குவேன்? யாரைத் தாங்கிப் பிடிப்பேன்? அக்கா வீடு மாதிரி சரிவுகளில் இருக்கும் வீடுகளுக்கு வேறு யாரும் போவதில்லை. வேலை போனால் என்னோடு சேர்த்து அவர்களுக்கும் போச்சு.

வலி கொஞ்சம் அடங்கியதும் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். தொடங்கினேனா? இல்லை. என் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டு நாள் முழுக்க என் விரலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். எழுகிறதா, இல்லை. இப்போது? இல்லை. பஞ்சால் தொட்டுப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, ஒவ்வொரு தடவையும் மோசமான முடிவுக்கு வருவது. சோதனை செய்தே களைத்துவிடுவேன், பயிற்சிக்குத் தெம்பு இருக்காது. கிளினிக் தோழி உதவி செய்ய வந்தாள். "எனக்குத் தெரியாததாடி?" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "டாக்டர் சொன்ன அந்த இடுப்புத் தூக்குறதை..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். எல்லாம் தெரிந்தவளுக்கு வைத்தியம் பார்ப்பதைப் போல ஒரு கஷ்டம் உலகத்தில் கிடையாது, பாவம் அவர்கள்.

அப்போதுதான் அண்ணன் போனிலிருந்து ஒரு வீடியோ கால். எடுத்தால் திரை முழுக்க அக்காவின் நெற்றி.

"என்னா டாக்டரம்மா, படுக்கையா?"

"ஆமாக்கா."

"பயிற்சி செய்யிறீங்களா?"

"செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பொய்யி."

"இல்லக்கா..."

"நானும் உங்ககிட்ட இப்படித்தானே சொல்லுவேன்? மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே சொல்றீங்க பாருங்க, அப்பவே தெரியுது. சரி, நான் ஒண்ணு சொல்றேன். நீங்க செய்யாத வரைக்கும் இங்கயும் கெடையாது. கையி மடங்குனா மடங்கட்டும், காலு வெறச்சா வெறைக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாதக் கை பயிற்சி இல்லாமல் போனால் எப்படி இறுகிப்போகும் என்று எனக்குத் தெரியும். "அக்கா, அப்படியெல்லாம் விளையாடாதீங்க" என்றேன்.

"நான் வெளையாடல. நாளைக்கு வெள்ளனே போன் அடிக்கும். எடுங்க."

கட் பண்ணிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நோயாளி என்னை மிரட்டுவதா? அந்தக் கோபத்திலேயே மறுநாள் விடியுமுன் முழித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி கிடந்தேன்.

அடித்தது. அண்ணன் அவர்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் மூலையில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் என் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு என் போனை வைத்தார். முதல் உத்தரவு வந்தது.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"குளுருதுக்கா."

"எனக்குக் குளுரலையா அன்னிக்கெல்லாம்? கழட்டுங்க. வெரலைப் பார்க்கணும்."

அப்படித் தொடங்கியது. நான் இங்கே இடுப்பைத் தூக்குவேன், அவர் அங்கே இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே தூக்குவார். எண்ணுவது அவர்தான், பத்து வரைக்கும். ஆனால் அஞ்சு வந்ததும் அவருக்கு ஏதாவது சோலி வந்துவிடும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஏங்க, பால்காரரு வந்துட்டாரு, சட்டிய எடுங்க... நேத்தே தண்ணியாத்தான் இருந்துச்சு, சொல்லி வைங்க..." நான் இங்கே இடுப்பைத் தூக்கியபடி தொடை நடுங்க, "அக்கா, ஆறு! ஆறு சொல்லுங்கக்கா!" என்று கத்துவேன். "ஓ, நீங்க இன்னும் எறங்கலையா?" என்பார். சாவி தேடும் அண்ணனுக்குப் பதில், கூரையில் ஏறிய குரங்குக்கு ஏச்சு, எல்லாம் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவில்தான். அப்படி அவர் இழுத்தடித்ததாலேயே என் இடுப்புக்குப் பலம் வந்தது என்று என் தோழி இன்றைக்கும் சொல்லுவாள்.

மழையில் சிக்னல் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணுவார். ஒரு காலையும் விட்டதில்லை. பெரும்பாறையிலிருந்து அவருடைய தம்பி வந்தபோது, மலை ஆரஞ்சும் கோதுமை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பலும் அவர் கையில் என் வீட்டுக்கு வந்தன. கூடவே ஒரு சேதி: "திங்கிறது பயிற்சி செஞ்ச பெறகுதானாம், அக்கா சொல்லச் சொன்னாங்க."

வலி குறைந்தது. நடக்கத் தொடங்கினேன். எல்லாம் சரி, விரல் மட்டும் வரவில்லை. டாக்டர் வரச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. ஒரு காலையில் போனை எடுத்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. நோயாளியின் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

"அது வராதுக்கா. எனக்குத் தெரியும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அக்கா ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வரும், வராதுன்னு நான் என்னாத்தக் கண்டேன்? அதெல்லாம் உங்க படிப்பு. நீங்க சாக்ஸைக் கழட்டுங்க" என்றார்.

அழுதுகொண்டே கழற்றினேன்.

அதற்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து. மழை நின்று, முதன்முதலாக ஜன்னலில் வெயில் விழுந்த காலை. மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, இரண்டு பாதங்களையும் என்னை நோக்கி இழுத்துப் பிடிக்கிற பயிற்சி. அக்கா எண்ணுகிறார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

நின்றுவிட்டது. பழக்கம்தானே என்று நானும் பிடித்துக்கொண்டே இருந்தேன். பால்காரர் சத்தம் கேட்கவில்லை. குரங்கும் இல்லை.

"அக்கா, யாரு வந்திருக்கா? ஆறு சொல்லுங்க, காலு நடுங்குது."

ஆறுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன்.

"அக்கா? சிக்னல் போச்சா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குழறலாக ஒரு குரல்: "டாக்டரம்மா... பெருவெரலு."

"என்னக்கா பெருவெரலு?"

"ஆடுச்சு. எறக்காதீங்க! பிடிச்சுக்கிட்டே இருங்க... இந்தா, இந்தா மறுபடியும் தூக்குது. ஏங்க! இங்க ஓடி வாங்க! டாக்டரம்மா வெரலு வந்துருச்சு!"

என் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை என்ன தெரியுமா? "நெசமாவா? என்னைய சமாதானப்படுத்தப் பொய் சொல்றீங்களா?"

"அடப் போங்க! நான் என்னைக்கு உங்களைச் சமாதானப்படுத்துனேன்?" என்று அழுதுகொண்டே சிரித்தார் அக்கா. அங்கே அண்ணன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு திரைக்குள் எட்டிப் பார்க்கிறார். இங்கே என் வீட்டுக்காரர் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்து என் காலருகே மண்டியிட்டுக் குனிந்து பார்க்கிறார். எனக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. சட்டென்று எழக் கூடாதே! ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, சொல்லிக்கொடுக்கிற முறைப்படியே மெதுவாக எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். ஊர்கிற எறும்பைப் போல ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த வாசனை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். முழு பலம் வர மாசங்கள் ஆயின. மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அக்கா வீட்டில் கட்டிலை நாலு காலுக்கும் கீழே ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். "டாக்டரம்மா இனிமே குனியக் கூடாது" என்றார் அண்ணன். நான் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் வெளியே போய்விட்டார். இப்போது அக்கா ஊன்றுகோலோடு ஏரிக்கரைக்குப் போகிறார். அண்ணன் பஜ்ஜி போட, இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெய் காயவில்லை என்று அவரை ஏசிக்கொண்டிருக்கிறார்.

கிளினிக்கைத் திறப்பதற்கு முன் நானும் தோழியும் பாய் விரித்துப் பயிற்சி செய்கிறோம். வெள்ளனே வந்துவிடும் நோயாளிகள் கண்ணாடி வழியே பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போன முறை பழனிக்குப் போனபோது விஞ்ச் வரிசையைத் தாண்டிப் போய், யானைப்பாதை வழியே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். சன்னிதியில் நின்றதும் முதலில் வாயில் வந்தது அக்காவின் பெயர்தான்.

இன்றைக்கும் விடிந்ததும் குளிரோடு குளிராகச் சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்து, காலை நீட்டி எண்ணத் தொடங்குகிறேன். அஞ்சு வந்ததும் தானாகவே கொஞ்சம் நின்றுவிடுகிறேன். என் கண்ணுக்குத் தெரியாத என் விரலை எனக்காக ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த நன்றியைச் சொல்லாமல் எனக்கு ஆறு வருவதில்லை.